கீறல் முட்டை

19-9-77, திங்கள்

புரட்டாசி பிறந்து மூன்று நாள். சித்தூரே சைவமாகிவிட்டது. திருப்பதி ஓட்டல்காரர்கள் மூன்று பேரும் 'ஐப்பசி பிறந்த பிறகு முட்டை அனுப்பு' என்று பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டார்கள். விரதம் இருக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் கோழிக்கு யார் போய்ச் சொல்வது? காணிப்பாக்கம் ரோட்டில் முனிகிருஷ்ணன் ஷெட்டில் எண்ணூறு கோழி. ஒன்றுகூட விரதம் இருக்கவில்லை. அத்தனை முட்டையும் என் கடைக்குத்தான் வந்து இறங்குகிறது.

"அசரியாண்ணா, நீயே வந்து அதுங்ககிட்ட ஒரு பிரசங்கம் பண்ணு. உங்க ஆளுங்கதான் நல்லா பண்ணுவீங்களே" என்கிறான். சிரிக்கத்தான் வேண்டும்.

நானும் கடையாள் தனராஜும் நாள் முழுக்கத் தட்டிப் பார்த்தோம். கைக்கு மூன்று முட்டையாக எடுத்து ஒன்றோடொன்று மெல்ல மோதவிட்டால் நல்ல முட்டை கணீரென்று பேசும். கீறல் விட்டது உடைந்த சட்டி மாதிரி பேசும். இன்றைக்கு மட்டும் நாற்பத்தெட்டு. பாதியை, கூலி வேலைக்குப் போகிற ரத்தினம்மா அரை விலைக்கு எடுத்துப் போனாள். மீதி நம் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் முழு முட்டை சமைத்து நான் பார்த்ததே இல்லை. முழு முட்டை கடைக்கு, கீறல் வீட்டுக்கு. தலையில் கூடை தூக்கி விற்ற காலத்திலிருந்து அதுதான் சட்டம்.

22-9-77, வியாழன்

மத்தியானம் வீட்டிலிருந்து என் மனைவி தபீதாள் ஆள் அனுப்பினாள். வந்த தனராஜ் என் முகத்தைப் பார்க்காமல் அரிசி மூட்டையைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணி வூட்டுக்கு வரச் சொன்னாங்க. நல்ல சேதிதான்."

மகள் எலிசபெத் பெரியவளாகிவிட்டாள். பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. போனபோது அறைக்குள் இருந்தாள். நான் வாசலிலேயே நின்று, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன கேட்பது? நான்கு தட்டு முட்டைக்கு விலை பேசும்போது வருகிற வார்த்தை இதற்கு வரவில்லை.

நாகலாபுரத்தில் இருக்கும் மேரியக்காவுக்கு — தபீதாளின் அக்கா — தந்தி கொடுத்தேன்.

24-9-77, சனி

மேரியக்கா வந்து இறங்கினாள். ஒரு கையில் செக்கு நல்லெண்ணெய். இன்னொரு கையில் தவிட்டில் புதைத்த இருபது நாட்டு முட்டை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம், ஒன்றுகூட உடையவில்லை. நான் லாரியில் வைக்கோல் போட்டு அடுக்கியே தினம் நாற்பது உடைகிறது.

"தம்பி, நாளையிலேர்ந்து ஒம்போது நாளு. வெறும் வயித்துல ஒரு பச்சை முட்டை. அதே ஓட்டுல எண்ணெய் ஊத்தி அதையும் குடிக்கணும். இடுப்பு எலும்பு இரும்பா ஆவும். நாளைக்கு புள்ள பெத்துக்கறப்ப தெரியும்."

"அவளுக்கு அடுத்த வாரம் கணக்குப் பரீட்சை" என்றேன்.

"பரீட்சையா புள்ள பெத்துக் குடுக்கும்?"

அவளோடு பேசி யாரும் ஜெயித்தது இல்லை.

25-9-77, ஞாயிறு

காலையில் முதல் முட்டை. மேரியக்கா ஊசியால் துளை போட்டு, மூக்கைப் பிடித்து வாயில் சரித்தாள். பிள்ளை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நைனா, நீ ஒண்ணு குடிச்சிக் காட்டு, அப்புறம் நான் குடிக்கிறேன்" என்றாள். நான் கோவிலுக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டேன்.

ஆராதனை முடிந்து மூன்று மணி பஸ்ஸில் மேரியக்கா ஊருக்குப் போனாள். வேர்க்கடலை பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறாளாம்.

26-9-77, திங்கள்

மீதி பத்தொன்பது நாட்டு முட்டையைக் கடைக்குக் கொண்டுபோனேன். தபீதாள் ஒரு பார்வை பார்த்தாள். "முட்டைதானே? வெள்ளையா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன, உள்ள அதே மஞ்சக்கருதான்" என்றேன். அவளும் வியாபாரி பெண்டாட்டிதான், சரி என்றாள். வைத்த அரை மணியில், பிள்ளை பெற்ற ஒரு வீட்டுக்காரர் மொத்தத்தையும் வாங்கிப் போய்விட்டார். நாட்டு முட்டைக்கு இரட்டை விலை. புரட்டாசியில் இது ஒன்றுதான் வியாபாரம்.

எலிசபெத்துக்கு வீட்டுக் கூடையில் இருக்கிற கீறல் முட்டை. கீறலாக இருப்பதும் வசதி — ஊசி தேட வேண்டாம்.

27-9-77, செவ்வாய்

இன்றும் குடித்தாள். நாறுது என்றாளாம். முட்டை என்றால் நாறத்தான் செய்யும்.

28-9-77, புதன்

பிள்ளைக்கு வயிறு போகிறது. காலையிலிருந்து ஐந்தாறு தடவை. தபீதாள் பயப்படவில்லை. எண்ணெய் வேலை செய்கிறதாம், உள்ளே இருக்கிற கசடெல்லாம் கழுவிக்கொண்டு போகிறதாம். பக்கத்து வீட்டு ஜெயம்மாவும் அதையே சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

29-9-77, வியாழன்

பத்து தடவைக்கு மேல். உடம்பு சுடுகிறது. சோர்ந்து படுத்திருக்கிறாள்.

பலம் வேண்டாமா என்று இன்றைக்கு இரண்டு முட்டையாகக் கொடுத்தோம். வேண்டாம் நைனா என்றாள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தேன். ஒன்றை வாந்தி எடுத்தாள். இன்னொன்று எடுத்து வரச் சொன்னேன்.

30-9-77, வெள்ளி

கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். சாயங்காலம் வரை ஜுரம் இறங்கவில்லை. இன்று முட்டை கொடுக்கவில்லை, உள்ளே எதுவுமே தங்கவில்லை.

கடைக்குப் போனேன், உட்கார முடியவில்லை. பத்து முட்டை கேட்டவருக்குப் பதிமூன்று எண்ணிக் கொடுத்தேனாம். தனராஜ் ஓடிப்போய் மூன்றை வாங்கி வந்தான்.

1-10-77, சனி

உதடு வெடித்துப் போயிருக்கிறது. கூப்பிட்டால் 'உம்' என்கிறாள், கண் திறப்பதில்லை. திண்ணமாக நிற்கிற பெண், வாசல் படியை இரண்டு இரண்டாகத் தாண்டுகிறவள் — துணி மாதிரிக் கிடக்கிறாள்.

மேரியக்கா சேதி கேட்டு ஓடி வந்தாள். இறங்கினவளை வாசலிலேயே நிறுத்தினேன். எனக்கு அப்போது யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

"இன்னா எண்ணெய் அது? எந்தச் செக்குல எப்ப ஆட்டினது? ஊர்ல ஒதுக்கித் தள்ளினதைக் கொண்டாந்து எம் பொண்ணுக்கு ஊத்தினியா?"

அவள் முகம் செத்துவிட்டது. வெய்யிலில் அப்படியே நின்றாள். "நான் பெக்காத பொண்ணு தம்பி அவ" என்றாள். அவ்வளவுதான். எப்போதும் பத்து வார்த்தைக்கு நூறு வார்த்தை பேசுகிறவள்.

நாளை விடிந்ததும் வேலூர்.

2-10-77, ஞாயிறு

முனிகிருஷ்ணன் வண்டி பிடித்து வந்தான், கேட்காமலே. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, நாலாவதில் சலைன் ஏறுகிறது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதில் கிருமி வளருகிறதா என்று பார்ப்பார்களாம், இரண்டு மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். டைபாயிடு மாதிரி இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நடுத்தர வயது, வேகமான நடை, பேச்சில் சுற்றி வளைப்பதே இல்லை.

"பொழைப்பாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும்" என்றார். அது பதிலா?

பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜெபம் பண்ண வரவில்லை. எலிசபெத், எலிசபெத் என்று பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவே ஜெபம் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

3-10-77, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

காலையில் டாக்டரம்மா வந்தார். கட்டிலைச் சுற்றி நான், தபீதாள், மேரியக்கா. "வீட்ல வேற யாருக்காவது வயித்துப்போக்கு இருந்துச்சா?" இல்லை என்றோம். "அப்போ, நீங்க யாரும் சாப்பிடாம இவ மட்டும் சாப்பிட்டது என்ன?"

மேரியக்கா முந்திக்கொண்டாள். "எண்ணெயும் முட்டையும் டாக்டரம்மா. பெரிய மனுஷி ஆனாக்க குடுக்கறதுதான். எங்கூட்டு நாட்டுக் கோழி. நானே கொண்டாந்தேன். எல்லாம் நாலஞ்சு நாளுக்குள்ள போட்டது."

"பச்சையாவா?"

"பச்சையாதான்."

டாக்டரம்மா எழுதினார். "எந்த ஊர்? கோழி எல்லாம் நல்லாயிருக்கா? ஏதாவது செத்துதா?"

தபீதாள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியை எண்ணினேன். எட்டுக் கம்பி. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மேரியக்கா ஊர்க் கோழி மேல் பழி விழும், அது நடந்து போய்விடும். வாயை மூடிக்கொண்டு லாபம் பார்த்த நாள் எனக்கு எத்தனையோ உண்டு. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருப்பது தப்பு. தப்பாக எழுதினால் தப்பான மருந்து கொடுத்துவிட்டால்?

"அது இல்லீங்க" என்றேன். "அந்த முட்டைய நான் வித்துட்டேன்."

பேனா நின்றது.

"மொத நாளு ஒண்ணுதான் அதுல குடிச்சா. மீதிக்கு எங் கடை முட்டை. ஷெட்டு முட்டை. கீறல் விட்டது."

"கீறல் விட்டு எத்தனை நாள்?"

அதுவும் எனக்குத் தெரியும். அடுக்கினவன் நான்தானே. "ஒரு வாரம். பத்து நாளும் இருக்கும். புரட்டாசி, சரக்கு போகல. கூடையிலயே இருந்துச்சு."

"வெயில்ல?"

"அடுப்பங்கரையில."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எழுதினதை ஒரே கோடாக அடித்துவிட்டு வேறு எழுதினார். "இதைச் சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மேரியக்கா புறங்கையை என் முன்னால் நீட்டினாள். அப்புறம் ஆரம்பித்தாள், சத்தம் போடாமல். "கோழி கொத்தக் கொத்த அதுங்க வயித்துக்கடியில கை வுட்டு எட்த்தேன் தம்பி. பாரு புண்ணு. இருபது முட்டைக்கு ஒரு வாரம் எங்கூட்ல யாரும் முட்டை துன்னல. அதை வித்துட்டு, நேத்து முந்தாநாளு எண்ணெய் மேல பழி போட்டியே, நடுத்தெருவுல நிக்க வெச்சி."

"தப்புதான்" என்றேன்.

"இன்னும் எதெல்லாம் வித்தே? எந் தங்கச்சி காதுல கம்மல் கீதா பாரு."

தபீதாள் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

4-10-77, செவ்வாய்

ஜுரம் நூற்று நாலு. ஈரத் துணி மாற்றி மாற்றிப் போடுவது மேரியக்காதான். என்னை ஒதுங்கு என்கிறாள்.

5-10-77, புதன்

ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. பேர் சால்மோனெல்லா. எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக் கூட்டி வாங்கிக்கொண்டேன். டைபாயிடுக்குப் பங்காளியாம். எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் சோதித்துவிட்டார்கள். காலையிலேயே கேப்சூல் ஆரம்பித்தாகிவிட்டது.

டாக்டரம்மாவை நிறுத்திக் கேட்டேன். முனிகிருஷ்ணன் கோழி ஒன்றுக்கும் சீக்கு இல்லையே, கொண்டை ரத்தமாகச் சிவந்திருக்கிறதே?

"கோழிக்கு ஒண்ணும் ஆகாது. அது குடல்ல இந்தக் கிருமி சும்மா குடியிருக்கும். எச்சத்துல வரும், ஓட்டு மேல ஒட்டும். ஓடு முழுசா இருந்தா உள்ள போறது கஷ்டம். கீறல்னா கதவு தொறந்து வெச்ச மாதிரி. ஒரு வாரச் சூட்டுல ஒண்ணு கோடியாகும். நீங்க எல்லாரும் அதே கூடை முட்டையைத்தான் வறுத்துச் சாப்பிட்டீங்க, ஒண்ணும் ஆகல. நெருப்புல செத்துடும். இவ பச்சையாக் குடிச்சா."

"நாட்டு முட்டையக் குடுத்திருந்தா வந்திருக்காதே?"

"யார் சொன்னா? நாட்டுக் கோழிக்கும் அதே குடல்தான். பச்சையா குடுக்காதீங்க, அவ்வளவுதான்."

மேரியக்கா பக்கத்தில் நின்று கேட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. இதில் ஜெயிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அப்போதுதான் ரத்தினம்மா ஞாபகம் வந்தது. அதே நாற்பத்தெட்டில் இருபத்து நாலு அவள் வீட்டுக்குப் போனது. ஐந்து பிள்ளைகள். சொல்லாமல் கொள்ளாமல் சித்தூர் பஸ் ஏறினேன்.

ரயில்வே கேட்டுக்குப் பின்னால் குடிசை. மாம்பழக் கூழ் கம்பெனி சீசன் முடிந்து இப்போது கல் சுமக்கப் போகிறாள். போனபோது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை எண்ணினேன். நான்கு. "இன்னொண்ணு எங்க?" என்று கத்தினேன்.

"ஏன்யா, நீ இன்னா ஜனக்கணக்கா எடுக்கிறே? கடைக்குப் போயிருக்கு."

"யாருக்குனா வயிறு போச்சா? ஜுரம்?"

"தேவுடா! எதுக்கு?"

"நான் குடுத்த முட்டைய யார்னா பச்சையா குடிச்சீங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பச்சையாவா? ஒரு முட்டைய ஒருத்தர் குடிச்சிட்டா மத்த அஞ்சு பேரு வாய்ல வெரல வெச்சிக்கினு நிக்கறதா? கொழம்பு நல்லா கொதிக்கறப்ப ஒடச்சி வுடுவேன். கல்லு மாதிரி ஆவற வரைக்கும் எறக்க மாட்டேன். அப்பத்தான் பங்கு போட வரும்." பிறகு கரண்டியை நீட்டி, "முட்டை கெட்டதுன்னா காசு திருப்பிக் குடுக்க வந்தியா? குடு!"

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தேன். சிரித்தேனா, அழுதேனா, சரியாகச் சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்தேன். அவள் பயந்துபோய் வாங்க மாட்டேன் என்றாள். "சும்மா சொன்னேன்யா, உனுக்கு இன்னா ஆச்சு?"

கடைசிப் பஸ்ஸில் வேலூர் திரும்பினேன்.

6-10-77, வியாழன்

நூற்று இரண்டு.

7-10-77, வெள்ளி

நூற்று ஒன்று. மத்தியானம் கண் விழித்து, "பரீட்சை?" என்றாள். பரீட்சை எல்லாம் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். "உனக்காவா நைனா?" என்றாள். ஆமாம் என்றேன். நம்பவில்லை. நம்பாத முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

8-10-77, சனி

ஜுரம் இல்லை. நர்ஸ் இரண்டு தடவை பார்த்தாள், நானும் கண்ணாடிக் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வாங்குகிற எனக்கு, அப்படிப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

கஞ்சி மூன்று கரண்டி. தங்கிவிட்டது.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

9-10-77, ஞாயிறு

மேரியக்கா ஊருக்குக் கிளம்பினாள், கடலை இன்னும் நிலத்தில் கிடக்கிறதாம். பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். பஸ் கிளம்பும்போதுதான் வந்தது.

"அக்கா, அன்னிக்கி வாசல்ல —"

"அதை வுடு. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பொண்ணை படுக்க வெச்சோம். நீ முட்டை, நான் பச்சையா குடுன்னு சொன்ன வாயி." ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டாள். "ஆனா பத்தொம்போது முட்டைக் காசு எனக்கு வரணும். இரட்டை விலைக்கு வித்தியாமே, தபீதா சொன்னா."

பஸ் போய்விட்டது. தபீதாள் என்னிடமும் அவளிடமும் ஒரே வாயால் பேசுகிறாள் போலிருக்கிறது.

12-10-77, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா சொல்லி அனுப்பியது: மருந்து நாள் தவறாமல் முடிக்க வேண்டும். ஜுரம் போனாலும் கிருமி கொஞ்ச நாள் வயிற்றில் இருக்கும். கை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மற்றவர் சாப்பாட்டில் இவள் கை படக் கூடாது. ஒரு மாதம் கழித்து மறுபடி சோதனை.

"அப்போ நான் ஒரு வேலையும் செய்ய வேணாம், டாக்டரே சொல்லிட்டாங்க" என்று எலிசபெத் தன் அம்மாவிடம் சொல்கிறாள். சட்டத்தை யார் பக்கம் திருப்புவது என்று தெரிகிறது. என் பெண்தான்.

14-10-77, வெள்ளி

கடையில் புதுச் சட்டம். அன்றன்றைக்குக் கண்ட கீறல் அன்றைக்கே கொதிக்கிற தண்ணீரில், கால் மணி நேரம். பழைய கீறல் எதுவானாலும் குழிக்கு. தனராஜ் குழி வெட்டினான். இருபத்தாறு முட்டையை நான் என் கையால் கொட்டினேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாண்ணா, ஜுரம் உனுக்கு தொத்திக்கினுச்சா?"

முனிகிருஷ்ணனிடமும் பேசினேன். முட்டையிடுகிற பெட்டியில் வைக்கோல் வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும், எச்சம் ஒட்டினதைத் தனியாக அனுப்ப வேண்டும். "ஆஸ்பத்திரில பத்து நாளு இருந்துட்டு டாக்டராவே வந்துட்டியா?" என்றான். ஆனால் மாற்றுகிறேன் என்றான். பார்ப்போம். பாதிதான் செய்வான், அந்தப் பாதியும் நல்லது.

15-10-77, சனி

மல்லிகா என்று ஒரு அம்மாள், கிரீம்ஸ்பேட்டையிலிருந்து. பெண் பெரியவளாகியிருக்கிறாளாம், 'பச்சையா குடிக்க நல்லதா ஒரு டஜன் குடு' என்றாள். கை தட்டுக்குப் போய்விட்டது. புரட்டாசியில் ஒரு டஜன்.

"குடுக்கறேன், ஆனா அவிச்சுக் குடும்மா" என்றேன்.

"இது இன்னா புதுசா கீது? முட்டை விக்கிறவனே குடிக்காதேன்னு சொல்றியே. இட்லிக்காரன் இட்லி துன்னாதேன்னு சொல்லுவானா?"

சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. என் பெண்ணுக்கு நடந்ததைச் சொன்னேன், கீறல் முட்டை என் கடையினுடையது என்பது உட்பட. கேட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் வாங்காமலே போய்விட்டார்கள். அவளும் போய்விட்டாள். தனராஜ் கல்லாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

16-10-77, ஞாயிறு

கோவில் விட்டு வரும்போது அந்த மல்லிகாவே வழியில் நின்றாள். "கடை தொறப்பியா? ரெண்டு டஜன் வேணும். அவிச்சே குடுத்துக்கறேன்." ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. திறந்தேன்.

கிளம்பும்போது கேட்டாள்: "எண்ணெய மட்டும் பச்சையா குடிக்கலாமா, அதுலயும் எதுனா கீதா?"

"எண்ணெய் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன்.

18-10-77, செவ்வாய்

ஐப்பசி. திருப்பதியிலிருந்து மூன்று ஓட்டலும் கேட்டுவிட்டது. முப்பது தட்டு ஏற்றினேன்.

7-11-77, திங்கள்

வேலூர் போய் வந்தோம். சோதனை முடிவு: ஒன்றும் வளரவில்லை. டாக்டரம்மா காகிதத்தை மேஜை மேல் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டு வரி இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. எலிசபெத் பஸ்ஸில் மூன்று தடவை படித்துக் காட்டினாள். நாலாவது தடவை, "போதும் நைனா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

28-11-77, திங்கள்

இன்று அரை ஆண்டுப் பரீட்சை ஆரம்பம். ஏழு மணிக்குத் தபீதாள் தோசைக்கல் போட்டாள். எனக்கு முன்னால் எலிசபெத் உட்கார்ந்துவிட்டாள். முதல் தோசை அவளுக்கு, இரண்டாவது அவளுக்கு. மூன்றாவது எனக்கென்று வந்தது, என் தட்டுக்கு மேலேயே வழிமறித்து வாங்கிக்கொண்டாள். ஆறோடு மாவு தீர்ந்துவிட்டது.

"ஏம்மா, எனக்கு?"

"நைனா, உனக்குக் கடை இருக்குது. எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்குது."

ஏப்பம் விட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, படியை இரண்டு இரண்டாகத் தாண்டிப் போனாள். வெறும் காப்பியோடு கடைக்கு வந்தேன். லோடு வந்து இறங்கி, தட்டிப் பார்த்து, எண்ணி முடிக்கிற வரைக்கும் — பதினோரு மணி — வயிறு கத்திக்கொண்டே இருந்தது.

கத்தட்டும்.